திதியன்று மாடியில் இருந்த ஆந்தை

பொறாமையே இல்லாத ஓரகத்தி ஒருத்தி இருக்கிறாள் என்று யாராவது சொன்னால், அவள் புருசன் ஒற்றைப் பிள்ளையாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தம்பி உண்டு. தம்பிக்குக் கல்யாணி என்று ஒரு பெண்டாட்டி உண்டு. அதுவும் எதிர் வீட்டிலேயே உண்டு.

நான் படித்தவள் இல்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். (போனால் போகட்டும், அடுத்த பஸ் வராமலா போகும்?) ஆனால் ஒரு வீட்டை எப்படி நடத்துவது என்று கச்சிராயபாளையத்தில் நாலு பேர் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவளைத்தான் ஒரு மர ஆந்தை கவிழ்த்தது.

கல்யாணியின் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். கல்கத்தா பக்கம் வேலை. லீவில் வந்தபோது ஆந்தைப் பொம்மை ஒன்று கொண்டுவந்தான். சாண் உயரம், வெள்ளை உடம்பு, சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு, தட்டு மாதிரி கண். அதை அவள் சாமி அறையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமமும் இட்டாள்.

எங்கள் ஊரில் ஆந்தை அலறினால், எந்த வீட்டுப் பக்கம் என்று காது கொடுத்துக் கேட்டு, விடிந்ததும் அந்த வீட்டுப் பெரியவரை நலம் விசாரித்துவிட்டு வருவார்கள். நான் சும்மா இருப்பேனா?

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? ஆந்தையப் போய் நடுவூட்ல வெச்சிக்கினு கீறியே!"

"அந்த ஊர்ல லட்சுமி ஆந்தை மேலதான் வருமாம்க்கா. படம் வரைஞ்சாலும் பொம்மை செஞ்சாலும் கால்கிட்ட ஆந்தை இருக்குமாம். அதான் வாகனமாம்."

"நம்மூரு லட்சுமி தாமரையில ஒக்காந்துகினு இருக்குது. எங்கியும் போறதில்ல. அதுக்கு எதுக்குடி வண்டி?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அந்த வருசம் எங்கள் கரும்புக் கொல்லையில் போர் போட்டோம், புழுதி வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் போட்டார்கள், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவள் பசு கிடேரி போட்டது. என் பசு காளைக்கன்று போட்டது. அவள் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. உட்கார்ந்து யோசித்தேன். லட்சுமி எங்கள் தெருவுக்கு வராமல் இல்லை. வருகிறாள். வந்து, எதிர் வீட்டில் வண்டியை நிறுத்திவிடுகிறாள்.

கள்ளக்குறிச்சிக்குப் போய் மரச்சிலை செய்கிற பட்டறை ஒன்றில் நுழைந்தேன்.

"ஆந்தைங்களா?" என்றார் சிலை செய்கிறவர். "இதுவரிக்கும் யாரும் கேட்டதில்லிங்களேம்மா. புள்ளையாரு கீறாரு, பெருமாளு கீறாரு..."

"அவங்கல்லாம் எங்க வூட்லயே கீறாங்க. ஆந்தைதான் பாக்கி."

"எம்மாம் ஒசரங்க?"

"ஒரு சாண் ஆந்தை எங்க தெருவுல கீது. அதுக்கு அப்பன் மாதிரி இருக்கணும்."

"சிரிச்ச மூஞ்சியா போட்டுடட்டுங்களா?"

"சிரிப்பெல்லாம் வேணாங்க. எதிர்ல கீறவ பார்த்தா பேச்சு மறந்துடணும்."

மனுசன் சொன்னபடியே செய்துவிட்டார். கருத்த மரம், வளைந்த மூக்கு, உருட்டி விழிக்கிற கண். என் வயிற்றெரிச்சலை வெளியே எடுத்து இறக்கை வைத்த மாதிரி இருந்தது. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காற்றில் துணி விலகியதும், பக்கத்தில் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து கடைசி வரை நின்றுகொண்டே வந்தாள். (இடம் தாராளமாக இருந்தது.)

மறுநாள் என் மாமியாரின் திதி. இதைச் சொல்லியாக வேண்டும். கடைசி நாட்களில் அந்தம்மாவுக்குச் சோறு ஊட்டியது நான், தலை வாரியது நான். ஆனால் சோற்றை விழுங்கிவிட்டு, "சின்னவ வெச்ச ரசம் கொஞ்சம் கீதா?" என்றுதான் கேட்கும். அந்த ரசம் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. திதியன்று இரண்டு வீட்டிலும் படைத்து, மாடியில் காக்கைக்குச் சோறு வைப்போம். மாமியார் காக்கையாக வந்து தின்ற பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. அந்த வருசம் வடக்கனந்தலிலிருந்து வந்த நாத்தனார் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்கம்மா எந்த வூட்ல மொதல்ல வாய வெக்குதோ, அங்கதான் எங்களுக்கெல்லாம் எலை."

முடிவாகட்டும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சமைத்தேன். வடை, பாயசம், ஏழு வீட்டுக்குக் காணும் சோறு.

ஆந்தையை முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், கல்யாணி வீட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். சாமி அலமாரியில் அது நுழையவில்லை. நுழைந்தாலும் வைத்திருக்க மாட்டேன். உள்ளே வைத்தால் அவளுக்கு எப்படித் தெரியும்?

என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இன்னாடி இது?"

"லட்சுமி வாகனம்."

"அந்த மூஞ்சியப் பார்த்துட்டு லட்சுமி ஏறுமா?"

திதியன்று உச்சி வெயிலில் இலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "கா... கா..." என்றேன். வந்தது ஒரு காக்கை. சோற்றைப் பார்த்தது. ஆந்தையைப் பார்த்தது. பிறகு அது போட்ட கூச்சலில் கோமுகி அணைப் பக்கத்துக் காக்கைகள் எல்லாம் எங்கள் மாடிக்கு வந்துவிட்டன. ஒன்றாவது சோற்றுப் பக்கம் திரும்பவில்லை. சுற்றிச் சுற்றி வந்து ஆந்தையின் மண்டையில் கொத்தின. அது அசையாததால், அசைகிற என்மேல் பாய்ந்தன. இலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குந்தினேன். சாம்பார் காது வழியாக இறங்கியது.

"அந்தக் கருமத்த எறக்குடி!" என்று கீழிருந்து கத்தினார் வீட்டுக்காரர். "சக்கர மாத்திரை போட்டுட்டேன், கண்ணக் கட்டுது!"

ஒரு கை நீட்டினால் இறக்கியிருக்கலாம். ஆனால் எதிர் மாடியில் கல்யாணி இலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் என் ஆந்தையை இறக்குவதா?

"ஒங்கம்மா வரும், சும்மா இருங்க!" என்றேன். "கூட்டம் கொறையட்டும்னு பாக்குது!"

கூட்டம் குறைந்தது. கத்திக் களைத்த காக்கைகள் ஒவ்வொன்றாகத் தெருவைத் தாண்டி, கல்யாணி வைத்த இலையில் இறங்கின. வடையை முதலில் தூக்கியது கழுத்து நரைத்த ஒரு காக்கை. என் மாமியாரும் வடையைத்தான் முதலில் எடுப்பார்.

"அம்மா சின்னவ வூட்ல சாப்ட்டுச்சு!" என்று அறிவித்துவிட்டு நாத்தனார் செருப்பை மாட்டினாள். மொத்த சனமும் தெருவைத் தாண்டியது. முதல் ஆளாக என் வீட்டுக்காரர்.

கடைசியில் கல்யாணியே வந்தாள். என் தலையிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்துப் போட்டாள்.

"வாங்கக்கா, சாப்டலாம். காக்காவுக்கும் ஆந்தைக்கும் ஆகாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமேக்கா. அதான் நான் உள்ள வெச்சிக்கிறேன்."

போனேன். ரசம் ஊற்றினாள். நன்றாகத்தான் இருந்தது. (அதுதான் தாங்கவில்லை.)

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் போதும், "ஆந்தைய எறக்கிட்டாங்களான்னு பாரு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பேரன் பேத்திகள் மாத்திரம் இல்லை, புதிதாக வந்த மருமகன் கூடச் சொல்கிறார்.

ஆனால் ஆந்தையை நான் எறியவில்லை. அது மாடியில் இருந்தால் காக்கைகள் கத்துமே தவிர, வடகத்திலோ காயவைத்த மல்லாட்டையிலோ (வேர்க்கடலைதான்) இறங்காது. தெருவில் வேறு யாருக்கும் அந்த வசதி கிடையாது. வெயில் காலம் வந்தால் கல்யாணி எங்கள் வாசலில் வந்து நிற்பாள்.

"அக்கா, ஆந்தையக் கொஞ்சம் குடுங்க. வடகம் போட்டிருக்கேன்."

உடனே கொடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் நிற்கவைத்து, துடைக்கிற மாதிரி துடைத்துத்தான் கொடுப்பேன். திதி நெருங்கும் போது மட்டும், "இருக்கட்டும்டி, மெதுவா குடு, அவசரமில்ல" என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒரே ஒரு தடவை அது அவள் மாடியில் மறந்து நின்றுவிட்டால் போதும்.

ஒவ்வொரு வருசமும் திதிக்கு முந்தின நாள், குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள் பாவி.

"நாளைக்கு அத்தை வருவாங்க இல்லக்கா?"