தமிழரசனின் பச்சைக் கொடி

தமிழரசன் திரையிலிருந்த பச்சைக் கொடியை அழுத்தினான். கொல்லைக்கு அப்பால் வயலில் மோட்டார் பேசாமல் கிடந்தது.

மறுபடியும் அழுத்தினான். மோட்டாருக்கு ரோஷமே வரவில்லை.

"ஒரு சுவிட்சப் போட ஒரு கம்ப்யூட்டரு, அதத் தட்ட ஒரு இன்ஜினியரு," என்றார் அப்பா ரெங்கசாமி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்தான். திரையில் வண்ணக் கட்டைகளை இழுத்து அடுக்கினால் புரோகிராம் தயார். பச்சைக் கொடியை அழுத்தினால் போர்டின் கம்பிக்கால் ஒன்றில் மின்சாரம் வந்து, ரிலே என்ற குட்டி சுவிட்சைத் தட்டி, வரப்போரம் போட்ட வயர் வழியாக மோட்டாரை ஓட்ட வேண்டும்.

காலையில் இட்லி சாப்பிடும்போது அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னைக்கு இது ஓடிச்சின்னா வேலைய விட்டுட்டு இங்கயே விவசாயம் பாக்குறேன். ஓடலன்னா சிங்கப்பூருக்கே போயிடறேன்!"

"சரி, ஓடலன்னா கெளம்பு," என்று அப்பா சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

ஊரோடு இருந்துவிட அவனுக்குக் கொள்ளை ஆசை. பிறகு எதற்குச் சபதம் என்றால், அவன் அப்படித்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன்! போர்டுல எண்ணுனா இந்தக் கால் பதினொண்ணு. சாஃப்ட்வேர் இதையே பதினேழுங்குது," என்று போர்டைத் தூக்கிக் காட்டினான் தமிழரசன்.

"வீட்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு மாதிரியா?" என்றாள் மனைவி வானதி.

திரையில் நம்பரை மாற்றியிருந்தால் போதும். அவன் வயரைப் பிடுங்கி வேறு காலில் செருகினான். திரை இருண்டது. திரும்ப எழுந்தபோது கட்டைகள் ஒன்றுகூட இல்லை.

வயரைப் பழைய காலிலேயே மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினான். இப்போது கால்களைத் தொட அனுமதி இல்லை என்றது சாஃப்ட்வேர்.

"நான் வாங்குன போர்டு, எனக்கே பர்மிஷன் இல்லையாம்!"

கோபத்தில் மூடிவிட்டு, நிர்வாகியாக உள்ளே நுழைந்தான். கட்டைகள் மறுபடியும் மாயம்.

"இந்தத் தடவையாவது சேவ் பண்ணீங்களா?" என்றாள் வானதி. அவன் முதல் கட்டையிலிருந்து அடுக்கத் தொடங்கினான்.

ஒருவழியாக ரிலேயில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'டிக்' என்று சத்தமும் வந்தது. மோட்டார் மட்டும் அசையவில்லை.

"வானதி, பெட்டிய எடு."

வானதிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா பேப்பரை மடித்தார். "கொல்லையில உளுந்து காயுது, காக்கா ஓட்டிட்டு வர்றேன். கடைசியா ஒருக்கா அழுத்திப் பாரு. அழுத்துறப்ப சத்தமாச் சொல்லு, நானும் பாக்கணும்ல," என்றவர், யாருக்கோ போன் போட்டபடி துண்டோடு வெளியேறினார்.

"அழுத்துறேன்ப்பா!"

கொல்லையில் அப்பா துண்டை வீசிக் காக்கை ஓட்டினார். மோட்டார் இருமியது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது!

வானதி கைதட்டினாள். நிறுத்தியும் காட்ட வேண்டாமா? "நிறுத்துறேன்!" என்று அழுத்தினான். தண்ணீர் நிற்கவில்லை. பதறிப்போய், "போடுறேன்! நிறுத்துறேன்! போடுறேன்!" என்று கத்திக்கொண்டே தட்டினான். அப்பாவின் துண்டு காற்றாடி போலச் சுழன்றது. போட்டால் நின்றது, நிறுத்தினால் ஓடியது.

"ரிலே தலைகீழா வேலை செய்யுது!" என்று கட்டைகளை இடம் மாற்றினான். குழப்பம் இரட்டிப்பாயிற்று. ரிலேயில் விளக்கு எரிந்தால் மோட்டார் நின்றது.

"பொறுமையா அழுத்துடா! மெசினுக்கும் மூச்சு வாங்காதா?" என்று அப்பா கொல்லையிலிருந்து கத்தினார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

கட்டைகளைப் பழையபடி மாற்றி நிதானமாக அழுத்தினான். போட்டால் ஓடியது, நிறுத்தினால் நின்றது. சொன்னபடி கேட்டது! உடனே கம்பெனிக்கு மெயில் தட்டினான்: இனி வரவில்லை. வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"ஏதோ ஓடிச்சி. இருந்து தொலை," என்றார் அப்பா, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி.

அப்போது பக்கத்து வயல்காரி செம்மொழி, துண்டான வயரைக் கையில் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தாள்.

"பெரியப்பா, வயர எலி கடிச்சிருக்குன்னு உங்க பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க. நீங்க துண்ட ஆட்ட ஆட்ட, மோட்டார் சுவிட்சப் போட்டுப் போட்டு நிறுத்தி எனக்குக் கை விட்டுப்போச்சு!"