அக்காவின் ரோஜாவும் என் துறையின் மதிப்பீடும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்பும் உன் தம்பி பெண்டாட்டியின் உடம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. கெட்டுப்போனது என் மானம் மட்டும்தான், அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன் உன் கேள்விக்குப் பதில். மொட்டைமாடித் தொட்டியில் ரோஜாச் செடி இலை மஞ்சளாகி உதிர்கிறது, மண்ணியல் பேராசிரியரைத் தம்பியாக வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய்க் கேட்பேன் என்று எழுதியிருந்தாய். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. உன் தொட்டியில் இருப்பது சுத்தக் களிமண். தண்ணீர் வடியாமல் வேர் அழுகுகிறது. பாதி மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு மணலைக் கலந்து போடு. செடி என் பெயரைச் சொல்லிப் பூக்கும்.

அடுத்தது ஒரு வேண்டுகோள். உங்கள் மாடி அறையை எனக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும். என்றாவது ஒருநாள் பழுதுபார்க்கப் போவதாகச் சொல்லி அத்தான் அங்கே சேர்த்துவைத்திருக்கும் மின்விசிறிகளை ஓர் ஓரமாக நகர்த்தினால் போதும், நான் ஒடுங்கிப் படுத்துக்கொள்வேன். நான் வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். பதறாதே. உட்கார்ந்துகொண்டு படி.

எல்லாம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையில் ஆரம்பித்தது. ஒவ்வொரு துறையும் தன் மாணவர்கள் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொண்டார்களா என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும், காட்ட முடியாத துறையில் அடுத்த ஆண்டு முதல் மாணவர் சேர்க்கை கிடையாது என்று அதில் இருந்தது. தேர்ச்சி விகிதம் இருக்கிறதே என்றேன். அது செல்லாதாம், மதிப்பெண் வேறு, கற்றல் வேறாம். இதைச் சொல்வதற்கென்றே ஓர் இளைஞனை எங்களிடம் அனுப்பினார்கள். மதிப்பீட்டு அலுவலர் என்பது அவன் பதவி, 'அளவுகோல்' என்பது நாங்கள் வைத்த பெயர். தங்கமான பையன், அக்கா. எதையும் அளக்காமல் தேநீர்கூடக் குடிக்க மாட்டான் என்பதுதான் ஒரே குறை. அவன் ஒரு கேள்வித்தாள் கொடுத்தான். 'மண்ணைத் தொட்டுப் பார்த்து அதன் தன்மையை என்னால் சொல்ல முடியும்', 'எந்த மண்ணுக்கு எது தேவை என்று என்னால் பரிந்துரைக்க முடியும்' என்ற மாதிரி வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே எண் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று என்றால் கொஞ்சமும் முடியாது, ஐந்து என்றால் முழுக்க முடியும். புதிதாகச் சேர்ந்தவர்களும் போடுவார்கள், படிப்பை முடிக்கப்போகிறவர்களும் போடுவார்கள். இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்தது. எவ்வளவு எளிது என்று நானும் கையைத் தட்டி வரவேற்றேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

புதுப் பிள்ளைகள், வகுப்பறை எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியாதவர்கள், எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்கள். மண்தானே சார், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போட்டார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள், வெயிலில் என்னோடு குழி தோண்டிக் குழி தோண்டி நிறம் மாறிப்போனவர்கள், இரண்டு போட்டார்கள். சிலர் ஒன்று போட்டார்கள். ஓரத்தில் 'எந்த மண்?' என்று எழுதியிருந்தார் ஒருவர், 'ஈரமா, காய்ந்ததா?' என்று இன்னொருவர். நாங்கள் எல்லோரும் 'சந்தேகம்' என்று கூப்பிடும் ஒரு பெண் எண்ணே போடாமல் 'பார்க்காமல் சொல்ல முடியாது' என்று எழுதித் தந்துவிட்டாள். அளவுகோல் இதையெல்லாம் கூட்டி, ஒரு படம் வரைந்து என் மேசையில் வைத்தான். கோடு மேலே ஆரம்பித்துக் கீழே இறங்கியது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் படத்தைப் பாத்தா, உங்க பசங்க வந்தப்ப தெரிஞ்சதையும் மறந்துட்டுப் போறாங்கன்னு வருது" என்றான்.

"அது மறதி இல்லப்பா, அடக்கம்" என்றேன்.

"அடக்கத்துக்கு இதுல கட்டம் இல்லையே சார்" என்றான் பாவமாக. அவனும் என்ன செய்வான், அவன் வேலை அது. ஆனால் அந்தப் படம் மேலிடத்துக்குப் போய்விட்டது. படிக்கப் படிக்க அறிவு குறையும் ஒரே துறை என்று உணவகத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும், அவர்கள் சொல்வதே முடிவு என்று உத்தரவு வந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது, அக்கா. இந்தத் துறையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆண்டுதோறும் ஷூவில் மண் படாமல் வந்து சேரும் பிள்ளைகள், போகும்போது நடைபாதையில் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதைப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிய சந்தோஷம். அது அடுத்த ஆண்டு இருக்காது.

பயந்தவன் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். குழுவின் முன் மாணவர்கள் மண்ணைத் தொட்டு இனம் சொல்லும் செயல்விளக்கம் ஒன்றை ஏற்பாடு செய்து, முதல்நாளே விடையையும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மேசையில் மூன்று தட்டு. இடது பக்கம் களிமண், நடுவில் கலப்பு மண், வலது பக்கம் மணல். மறக்காதீர்கள், யோசிக்காதீர்கள், கணீரென்று சொல்லுங்கள் என்றேன். சந்தேகம் கையைத் தூக்கினாள்.

"சார், நாங்களே தொட்டுப் பாத்துச் சொல்றோமே?"

"தொட்டுப் பாக்கற மாதிரி நடிம்மா, அது போதும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால், உன் தம்பி பெண்டாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பரீட்சைல பிட் அடிச்சா பசங்களை வெளிய அனுப்புவீங்க. இப்ப வாத்தியாரே பிட் குடுக்கறாராக்கும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், உனக்குத்தான் தெரியுமே.

குழு வந்தது. தலைவி ஒரு வேதியியல் அம்மையார், சிரிப்பு என்பதை எந்தச் சோதனைக்குழாயிலும் பார்த்திராதவர். அவர் உட்காரப்போகும் நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, எங்கள் ஆய்வகத்து மேசைக்கு ஒரு கால் ஆட்டம். அந்தக் கால் சரியாக அவர் பக்கம் இருந்தது. அம்மையார் கையை ஊன்றி மேசை சாய்ந்தால் துறையும் சாயும் என்று, தட்டுகளை இறக்கி வைக்கக்கூடப் பொறுமையில்லாமல், மேசையை அப்படியே அரைச் சுற்றுச் சுற்றி ஆட்டக்காலை மாணவர்கள் பக்கம் கொண்டுவந்து, அவருக்கு நாற்காலியும் நகர்த்திப் போட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரொம்பப் பெருமையாக நின்றேன். மேசை திரும்பினால் தட்டும் திரும்பும் என்பது இத்தனை படித்த தலையில் ஏறவில்லை.

முதலில் போனவன், நான் எது சொன்னாலும் தட்டாத பிள்ளை. இடது தட்டில் கைவிட்டு அள்ளினான். மணல் விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டி அம்மையாரின் செருப்பில் விழுந்தது. "களிமண்" என்றான் கணீரென்று. பிறகு தன் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை, புரிந்தபோது பின்னால் நகர்ந்தேன். மேசையும் சேர்ந்து ஆடியது, ஏனென்றால் ஆட்டக்காலில் சாய்ந்து நின்றவன் நான்தான்.

அப்போது சந்தேகம் முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அதே மண்ணைக் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இது களிமண் இல்லீங்க. களிமண்ணா இருந்தா நாடா மாதிரி நீளமா வரும். இது உருட்டக்கூட வரல, உதிர்ந்து போகுது. இது மணல்."

"அவர் களிமண்ணுன்னாரே?" என்றார் அம்மையார்.

"சார் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

அம்மையார் என்னைத் திரும்பியே பார்க்காமல் அவளையே கேட்டார்: "அப்ப உங்க சார் சொன்னது தப்பா?"

"நேத்து சொன்னது தப்புங்க. மூணு வருஷமா சொல்லிக்கொடுத்தது சரி."

அக்கா, அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவமானத்தாலா பெருமையாலா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளோ நிறுத்தவில்லை. வலது தட்டைப் பிசைந்து களிமண் என்று நாடா இழுத்துக் காட்டினாள். நடுத்தட்டைப் பிசைந்துவிட்டு, "இது கலப்பு மண்ணு. ஆனா எவ்வளவு ஆழத்துல எடுத்ததுன்னு தெரியாம இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்று கையைக் கழுவிக்கொண்டாள். அம்மையார் என்னவோ நீளமாக எழுதினார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மூவரும் போய்விட்டார்கள்.

இதற்கு மேல் நான் என்ன முகத்தோடு அந்தத் துறைக்குள் போவேன்? துறையைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளைகளைப் பொய் சொல்ல வைத்தேன், அந்தப் பொய்யையும் ஒழுங்காகச் சொல்ல வைக்கத் தெரியவில்லை. ராஜினாமாவை எழுதித் துணைவேந்தர் அறை வாசலில் இருக்கும் தபால் தட்டில் போட்டுவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டி மட்டும், "மாடி ரூம்ல நீங்க இருந்துக்கங்க, நான் வரல. உங்கக்கா சமையல் நல்லா இருக்கும், ஆனா ஃபேன் எதுவும் ஓடாது" என்கிறாள். நாளை மறுநாள் புறப்படலாம் என்று இருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். மின்விசிறிகளை நகர்த்தும்போது அவர் மனம் நோகாமல் நகர்த்து. உங்கள் இருவர் ஆசியும் என்றைக்கும்விட இப்போது எனக்கு அதிகம் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
எங்கேயும் தலைகாட்ட முடியாத
உன் தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகிற வழியில் அளவுகோல் மூச்சிரைக்க ஓடிவந்து பிடித்துக்கொண்டான். குழுவின் அறிக்கை வந்துவிட்டதாம். 'மற்ற துறைகளில் மாணவர்கள் ஆசிரியர் சொன்னதை ஒப்பித்தார்கள். இங்கே கையில் மண்ணோடு நின்று ஆசிரியரையே மறுத்தார்கள், சரியாகவும் மறுத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்கள். இந்தப் படிப்பு தொடர வேண்டும்' என்று எழுதியிருக்கிறார் அம்மையார். துறைத் தலைவர், அதாவது நான், இனிமேல் செயல்விளக்கங்களின் பக்கம் வராமலிருப்பது நல்லது என்று கீழே ஒரு வரி. மிகவும் நியாயமான வரி. "உங்க ராஜினாமாவை இன்னும் யாரும் பிரிக்கல சார், ஓடிப்போய் எடுத்துக்கிட்டா உண்டு" என்றான். ஓடினேன். அதன்மேல் யாரோ தேநீர்க் குவளையை வைத்திருந்தார்கள். கேள்வித்தாளில் 'பார்க்காமல் சொல்ல முடியாது' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கப்போகிறானாம் அளவுகோல். ஆகவே மாடி அறையை ஒழிக்க வேண்டாம், மின்விசிறிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முக்கியமான விஷயம், ரோஜாத் தொட்டியில் மணலைக் கொட்டிவிடாதே. உன் மண்ணை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, அக்கா. அதில் ஒரு பிடி அள்ளிப் பையில் கட்டி அனுப்பு, எவ்வளவு ஆழத்தில் எடுத்தாய் என்றும் எழுது. சந்தேகத்திடம் கொடுத்துக் கேட்டுச் சொல்கிறேன்.