இயல்பே எனச் சான்றளிக்கப்படுகிறது

கர்ப்பிணிகளுக்குச் சந்தேகம் வருவது இயற்கை. அந்தச் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நேராக டாக்டரிடம் போய்விடுவதுதான் பிரச்சினை என்று எங்கள் மருத்துவமனை நிர்வாகம் ஒருநாள் கண்டுபிடித்தது. டாக்டர்களின் பொன்னான நேரமெல்லாம் பதில் சொல்வதிலேயே போய்விடுகிறதாம். எனவே டாக்டருக்கும் கர்ப்பிணிக்கும் நடுவே ஓர் அலுவலகம் அவசியம் என்று முடிவாயிற்று. மாடிப்படிக்குக் கீழே கிடந்த உடைந்த நாற்காலிகளை அப்புறப்படுத்தி, 'மகப்பேறு சந்தேக நிவர்த்திப் பிரிவு' தொடங்கினார்கள். அதன் ஒரே எழுத்தராக அடியேன் நியமிக்கப்பட்டேன்.

அதற்கு முன் பதினான்கு வருடம் கழிவுநீர் இணைப்புப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். கண்காணிப்பாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எனக்கு மருத்துவம் எதுவும் தெரியாதே சார்."

"அங்க குழாய் அடைப்புன்னு மனு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பதிவு பண்ணி, நம்பர் போட்டு, பதினஞ்சு வேலை நாள் காத்திருக்கச் சொல்லுவேன் சார்."

"அதுக்கப்புறம்?"

"பெரும்பாலும் அதுவா சரியாயிடும்."

"கர்ப்பமும் அப்படித்தான்யா. அதுவா சரியாயிடும். போய்ச் சேருங்க."

இந்த விளக்கம் எனக்குத் திருப்தியாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை.

பிரிவுக்கென்று பதில் புத்தகம் ஒன்று தந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு கேள்வி, நூற்றுப் பன்னிரண்டு பதில். தயாரித்தது ஏழு பேர் கொண்ட குழு. அதில் ஒருவர்கூடப் பிள்ளை சுமந்தவரில்லை. இருவருக்கு நல்ல தொந்தி இருந்ததால் அதையே முன் அனுபவமாக எடுத்துக்கொண்டார்கள் என்று பேச்சு. புத்தகத்தோடு மூன்று முத்திரைகள். 'இயல்பே' என்று ஒன்று. 'ஓய்வு எடுக்கவும்' என்று இன்னொன்று. மூன்றாவது 'டாக்டரை அணுகவும்'. டாக்டரை அணுகாமல் இருப்பதற்காகத்தான் இந்தப் பிரிவே என்பதால், மூன்றாவதைக் கண்காணிப்பாளர் தம் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டார். மாதத்துக்கு ஐந்து முறைக்கு மேல் அது வெளியே வரக் கூடாது என்பது ஆணை.

அது போதாதென்று, மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த இயக்குநர், கவுண்டரில் மூன்று முகம் வைத்த பெட்டியைப் பொருத்தச் சொன்னார். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். வந்தவர்கள் போகும்போது ஒன்றை அமுக்க வேண்டும். இப்போது எல்லா ஊரிலும் இதுதான் நாகரிகமாம். அழும் முகத்தை அமுக்க முடியாதபடி அடியில் பசை போட்டுவிட்டார்கள். மாத அறிக்கையில் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கவுண்டரில் பேசுவதற்கான ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்தது. பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்துதான் கேட்க வேண்டும். அப்படிக் குனிந்து ஒரு பெண் கேட்டாள்: "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கன்னு சொன்னாங்க. தூக்கத்துல புரண்டுட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" புத்தகத்தில் படுப்பதற்குப் பதில் இருந்தது, புரள்வதற்கு இல்லை. மனுவைத் திருப்பிவிட்டேன். இன்னொருத்தி, வீட்டுக்காரர் விடும் குறட்டை வயிற்றுக்குள் கேட்குமா என்றாள். அவள் மனுவைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினேன். குறட்டை விடுபவரின் நோயாளி எண்ணைக் கேட்டு அது திரும்பி வந்தது. வாந்தி எப்போது நிற்கும் என்று மூன்றாம் மாதத்தில் கேட்டவளுக்கு, 'விரைவில் நின்றுவிடும்' என்ற எங்கள் பதில் எட்டாம் மாதத்தில் போய்ச் சேர்ந்தது. பதில் சரியாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் சொந்தக்காரர்கள் போன் போட்டு என்னிடமே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். 'சந்தேக டாக்டர்' என்று பட்டப்பெயர் விழுந்தது. கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மனைவி உண்டானாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதல் நாள் விஷயத்தைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. மறுநாளே பதில் புத்தகத்துக்கு ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உண்மை.

"என்னங்க, காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. செருப்பே நுழையல" என்பாள்.

"நாற்பத்தொண்ணாவது பதில். இயல்பே."

"தலைவலி விடவே மாட்டேங்குது."

"அறுபத்தேழு. அதுவும் இயல்பே."

எட்டாம் மாதத்தில் ஒருநாள், கரும்பலகையில் எழுதும்போது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். நான் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்தரை மணி. கவுண்டரில் நல்ல கூட்டம். "அடுத்து" என்று தலையைத் தூக்கினேன். என் மனைவி நின்றாள். கையில் முப்பத்தெட்டாம் நம்பர் டோக்கன்.

"நீ எங்க இங்க?" என்றேன் மெதுவாக.

"வீட்ல கேட்டா உங்க காதுல விழல. கவுண்டர்ல கேட்டாலாவது விழுமான்னு வந்தேன்."

பின்னால் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மனைவிக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவளை 'நீங்க' என்று அழைத்தேன்.

"உங்க பேரு?"

"தெரியாதா?"

"பதிவுக்கு வேணும். கணவர் பேரு?"

"அதுவும் மறந்துபோச்சா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "என்ன சந்தேகம்னு சுருக்கமா சொல்லுங்க."

"கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல். மூணும் சேர்ந்து வருது. என்னன்னு தெரியணும்."

"ஒரு படிவத்துக்கு ஒரு சந்தேகம்தான். மூணு படிவமா எழுதுங்க."

"மூணையும் கூட்டித்தான் பாக்கணுங்க. தனித்தனியா பாத்தா விடை தப்பா வரும்."

"கூட்டறதுக்கு இந்தப் பிரிவுக்கு அதிகாரம் கிடையாது."

அவள் படிவங்களை வாங்கி எழுதினாள். கணக்கு டீச்சரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கு எழுத்தெல்லாம் கட்டத்துக்கு வெளியே ஓடியது.

"கட்டத்துக்குள்ள எழுதணும்" என்றேன்.

"கட்டமே ரெண்டா தெரியுது."

இதைக் கேட்டும் நான் செய்த காரியம், புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டியது. அவள் மறுபடி எழுதினாள். நான் புத்தகத்தைப் பார்த்து மூன்று படிவத்திலும் 'இயல்பே' என்று குத்தினேன். டப், டப், டப். "சொந்தப் பொண்டாட்டிக்கே இப்படின்னா எவ்வளவு நேர்மையான மனுஷன் பாரு" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் கழித்துப் பிரசவ வார்டு சிஸ்டர் வந்தார். அந்தக் கட்டடத்திலேயே வேலை செய்யும் ஒரே ஸ்டேப்ளர் என்னிடம்தான் இருந்தது. அதைக் கடன் கேட்டு வந்தவர். எடுக்கக் குனிந்தவரின் கண் மேஜைமேல் இருந்த படிவங்களில் விழுந்தது.

"இந்த மூணும் ஒரே ஆளா?"

"மூணு தனித்தனி மனு சிஸ்டர்."

"நான் ஆளைக் கேட்டேன்."

"ஆள் ஒண்ணுதான்."

"எங்க?"

பெஞ்சைக் காட்டினேன். "யாரு அவங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

"என் மனைவி" என்றேன். சிஸ்டர் ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட அறிக்கைகளில் அந்தப் பார்வை அளவுக்குத் துல்லியமானது எதுவும் இல்லை.

அங்கேயே பிரஷர் பார்த்தார். மேல் அளவு நூற்று எழுபது, கீழ் அளவு நூற்றுப் பத்து. சக்கர நாற்காலியை இழுத்தார். அப்போதுதான் எனக்கு விதி ஞாபகம் வந்தது. டாக்டரிடம் போவதென்றால் மூன்றாவது முத்திரை வேண்டும். சாவி கண்காணிப்பாளரிடம். அவரோ 'தாமதத்தைத் தவிர்ப்பது எப்படி' என்ற கூட்டத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், முத்திரை..."

"உங்க முத்திரையை நீங்களே வச்சுக்குங்க. வழி விடுங்க!"

நாற்காலி பறந்தது. நான் பின்னால் ஓடினேன். மற்றதையெல்லாம் போட்டுவிட்டு ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். கையில் மூன்று படிவமும் இருந்தன.

வார்டு வாசலில் டாக்டரம்மா கேட்டார்: "தலைவலி எத்தனை நாளா இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளா, ஆறு நாளா? எத்தனை முறை சொன்னாள்? "அறுபத்தேழாவது பதில், டாக்டர்" என்று வாயில் வந்தது.

"நீங்க யாரு?"

"சந்தேக நிவர்த்திப் பிரிவு."

"உங்களைக் கேக்கல. இவங்க வீட்டுக்காரர் எங்க?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"ஆறு நாளா இருக்கு டாக்டர்" என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமலே. கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கதவுக்கு வெளியேதான் எனக்குச் சந்தேகங்கள் வர ஆரம்பித்தன. பிழைப்பாளா? குழந்தை அசைகிறதா? நான் நேற்றே கூட்டிக்கொண்டு வந்திருந்தால்? நூற்றுப் பன்னிரண்டில் எதிலும் இவை இல்லை. போகிற வருகிற வெள்ளைக் கோட்டையெல்லாம் மறித்துக் கேட்டேன். துடைப்பத்தோடு வந்த அம்மாவைக்கூட விடவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்து சொன்னார்.

"கால் வீக்கம் நிறையப் பேருக்கு வரும். தலைவலியும் வரலாம். ஆனா பின்மாசத்துல விடாத தலைவலி, கண் மங்கல், வீக்கம்னு சேர்ந்து வந்தா, ரத்த அழுத்தம் ஏறியிருக்கான்னு அன்னிக்கே பாக்கணும். விட்டா வலிப்பு வந்துடும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

"மன்னிச்சுடுங்க டாக்டர்."

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். மூன்றாம் நாள் பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டியில் பதினாறு நாள் இருந்து, அழுது, பால் குடித்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் மனைவி பிழைத்தாள். என்னோடு பேச இன்னும் பத்து நாள் ஆயிற்று.

விஷயம் அத்தோடு முடியவில்லை. நிர்வாகம் விசாரணை நடத்தியது. நாலு அமர்வு. தனக்குச் சம்பந்தமில்லாத பிரிவின் படிவங்களை அனுமதியின்றிப் படித்த குற்றத்துக்காகச் சிஸ்டரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. 'மனைவி என்றும் பாராமல் வரிசைமுறையைக் கடைப்பிடித்தும், அவர் தக்க சிகிச்சை பெறும்வரை ஆவணங்களைக் கைவிடாமல் உடன் ஓடியும்' பணியாற்றியதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் அறிவிக்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட தொல்லைகள் சேர்ந்து வருவோருக்கு 'ஒருங்கிணைந்த சந்தேகப் படிவம்' கொண்டுவந்தார்கள். ஆறு பக்கம்.

"மேடையில உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றேன் வீட்டில். "உன்னைக் காப்பாத்தினது சிஸ்டர்தான், கொல்லப் பாத்தது நான்தான்னு மைக்குல சொல்லப் போறேன்."

"சொல்லுங்க" என்றாள். "குழந்தையைத் தூக்கிக்கிட்டு நானும் வரேன்."

விழா நாள். அரங்கு நிறையக் கர்ப்பிணிகள். ஆள் போதவில்லை என்று வரிசையிலிருந்தே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். இயக்குநர் அரைமணி நேரம் பேசினார். என்னை அழைத்தார்கள். சட்டமிட்ட சான்றிதழ் கனமாக இருந்தது. மைக் என் வாய்க்கு நேரே வந்தது. முன்வரிசையில் கண்காணிப்பாளர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாகச் சிஸ்டர் நின்றிருந்தார். நடுவில் என் மனைவி, மடியில் என் மகள்.

"நன்றி" என்றேன்.

பிரமாதமான கைதட்டல்.

இறங்கி வந்ததும் நேரே சிஸ்டரிடம் போனேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீங்களும் தட்டினீங்களா சிஸ்டர்?"

"நான்தான் முதல்ல ஆரம்பிச்சதே" என்றார். "என் விளக்கக் கடிதத்துக்கு இன்னும் முடிவு வரல. தட்டாதவங்க பேரை முன்வரிசையில ஒருத்தர் எழுதிக்கிட்டிருந்தாரே, பாக்கலையா?"

வெளியே மரத்தடியில் என் மனைவி நின்றிருந்தாள். இவளாவது தட்டியிருக்க மாட்டாள் என்று ஒரு நப்பாசை.

"நீ தட்டலதானே?"

"தட்டினேனே. குழந்தையோட கையையும் பிடிச்சுத் தட்ட வச்சேன்."

"அவளை எதுக்கு?"

"இப்பவே பழகட்டும்" என்றாள் கணக்கு டீச்சர். "இங்கதானே வளரப் போறா."