ஆக்ராய்ட் வீட்டு அலமாரித் திட்டக் குழு

ஓர் இனம் நாகரிகம் அடைந்துவிட்டதா என்று அறிய அதன் பாராளுமன்றத்தைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்த இனத்து ஆண்மகன் தன் வீட்டுச் சுவரில் தன் கையாலேயே அலமாரி கட்டுகிறானா என்று பார்த்தால் போதும். இந்த அளவுகோலின்படி, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் தண்ணீர் இலாகா குமாஸ்தாவான நார்மன் ஆக்ராய்ட் நாகரிகத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்தார். நாலு வருஷமாக அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் சுவர் உள்வாங்கி ஒரு பள்ளம். அதில் கச்சிதமாகப் பொருந்தும்படி அலமாரி. அலமாரியில் மனைவி பெரிலின் புத்தகங்கள். இதுதான் திட்டம். பெரில் பதினாறு வயதில் கம்பளி ஆலைக்கு வேலைக்குப் போனவள். ஐம்பத்திரண்டு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகங்களோ ஏழு அட்டைப்பெட்டிகளில் அடைபட்டுக் கிடந்தன.

"ஒரு தச்சரைக் கூப்பிட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிடுமே" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

நார்மன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆளைக் கூப்பிடறதா? நான் இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

அன்றைக்கே "திட்டக் குழு" அமைக்கப்பட்டது. ஞாயிறுதோறும் சமையலறையில் கூடும். தலைவர் நார்மன். உறுப்பினர், பக்கத்து வீட்டு கீத். பெரிலுக்குத் தேநீர் இலாகா கொடுக்கப்பட்டது, ஓட்டு கொடுக்கப்படவில்லை. நடவடிக்கைகளை நார்மன் ஒரு நோட்டில் எழுதுவார். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று அடிக்கோடிடுவார்.

அங்குலமா, சென்டிமீட்டரா என்பதில் முதல் வருஷம் போயிற்று. அங்குலம் வென்றது. பிறகு அளந்தார்கள்.

"முன்னால நாப்பத்தாறு" என்றார் கீத். "பின்னால நாப்பத்தேழு. என்னப்பா இது, சுவர் கோணலா இருக்கு?"

"டேப் பொய் சொல்லாது" என்றார் நார்மன்.

"அப்போ வீடுதான் தப்பு."

"எழுதிக்கறேன். வீடு தப்பு."

ஒருமனதாக ஏற்கப்பட்டது.

மூன்றாம் வருஷம் பாரக் கணக்கு. குளியலறை எடைமெஷினில் ஏழு பெட்டிகளையும் நிறுத்து, நாடா ஒட்டி, மேலே எடையை எழுதினார்கள். அத்தோடு பெட்டிகள் "ஆவணம்" ஆகிவிட்டன.

"அதுல எனக்கு ஒரு புத்தகம் வேணும், நார்மன்."

"பிரிச்சா கணக்கு கெட்டுடும், கண்ணு. நூலகத்துல கேட்டுப் பாரேன்."

கேட்டாள். அதை வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். பரீட்சை ஜூன் பன்னிரண்டு. பதினாறு வயதில் நின்றுபோன படிப்பு. பெரிலுக்கு ராத்தூக்கமே போயிற்று.

மே மாதம் கட்டுமானம் தொடங்கியது. நூறு வருஷத்துப் பூச்சு. துளை போட்டால் மாவாகக் கொட்டியது, திருகாணி ஒன்றும் பிடிக்கவில்லை. தலைவர் கலங்கவில்லை. பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து, பள்ளத்துக்குள் தள்ளி, அடித்தட்டுக்குக் கீழே "தற்காலிகமாக" பெரிலின் பெட்டிகளைச் செருகினார். ஒரு நூல்கூடப் பிசகாமல் பொருந்தியது. அதற்குமேல் முன்பக்கம் ஒரு மறைப்புப் பலகை, வெள்ளை வர்ணம். ரசமட்டத்தை வைத்தார், குமிழி நட்டநடுவில் நின்றது. நார்மனின் கண் கலங்கியது.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு திறப்பு விழா. கீத் வந்தார். மேல்தட்டில் மதுக்கிண்ணங்களும் ரசமட்டமும் மட்டும் இருந்தன. கீத் பலகையை மெல்லத் தட்டி, இதுபோன்ற தருணங்களில் ஆண்கள் சொல்லியே தீரவேண்டியதைச் சொன்னார்: "இது எங்கேயும் போகாது."

"அப்போ என் புத்தகத்தை அடுக்கலாமா?" என்றாள் பெரில்.

கீத் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"உடனே பாரம் ஏத்தக் கூடாது" என்றார் நார்மன். "மரம் சுவரோட பழகணும். ஒரு வருஷமாவது."

"நாளை மறுநாள் எனக்குப் பரீட்சை."

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும், கண்ணு. இந்த மாதிரி அலமாரி வருமா?"

பெரில் குனிந்து மறைப்புப் பலகையைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு பெட்டியின் மூலையைப் பிடித்தாள்.

"ஐயோ, அதைத் தொடாதே! அது மேலதான் எல்லாம் நிக்குது!"

கீத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"அது தெரியும் நார்மன். முப்பது வருஷமா தெரியும்" என்று சொல்லிவிட்டு பெரில் இழுத்தாள்.

அலமாரி இறங்கியது. கிண்ணங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. புழுதி அடங்கியபோது பெரில் நாடாவைக் கிழித்து, வேண்டிய புத்தகத்தை எடுத்து, விழுந்த பலகைகளின் மேலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். உட்கார வசதியாகத்தான் இருந்தது. பலகை நல்ல பலகை.

குழு அவசரமாகச் சமையலறையில் கூடியது. தேநீர் வரவில்லை. நார்மன் நீண்ட நேரம் யோசித்து எழுதினார்: "அலமாரி விழுந்ததற்குக் காரணம்: மனைவி படிக்க ஆரம்பித்தது."

செவ்வாய்க்கிழமை பரீட்சை எழுதிவிட்டு வந்த பெரில், சமையலறை மேஜையில் கிடந்த நோட்டைப் பார்த்தாள். கைப்பையில் பேனா இன்னும் இருந்தது. எடுத்து, அந்த வரியின் கீழே எழுதி அடிக்கோடிட்டாள்:

"ஒருமனதாக ஏற்கப்பட்டது."