நோரீன் வீட்டு நுரை

பம்ப் சுவிட்சைத் தட்டியதும் லாயிட் இரண்டடி பின்வாங்கினார். நேற்று மாலை கண்ணாடி மாதிரி தெளியவைத்து விட்டுப்போன வெந்நீர்த் தொட்டியில் இன்று முழ உயரத்துக்கு நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடியுமா?" பின்வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்ற நோரீன் கேட்டாள்.

"சின்ன விஷயம்தான். இப்ப அடங்கிடும்."

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் பொது நீச்சல் குளத்தைக் கவனித்தே ஓய்வு பெற்றவர் லாயிட். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் குதித்த தண்ணீரைத் தெளியவைத்த மனிதருக்கு, பக்கத்து வீட்டு விதவையின் நாலு பேர் உட்காரும் தொட்டி மூன்று வாரமாகத் தண்ணி காட்டியது. அது சரியாகிற அன்றைக்கு நோரீனை பௌல்ஸ் விளையாட்டு கிளப்பின் நடனத்துக்கு அழைப்பது என்று தனக்குள் முடிவு செய்திருந்தார். நடனம் இன்று இரவு. ஒரு தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதவன் எந்த முகத்தோடு ஒரு பெண்ணை அழைப்பான்?

நுரை அடக்கும் மருந்தை ஊற்றினார். நுரை அடங்கியது, தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்துவிட்டது. பதற்றத்தில் குளோரினைக் கைக்கு வந்தபடி போட்டார். குளோரின் அளவைக் காட்டும் சோதனைப் பட்டையை முக்கி எடுத்தால், டப்பாவில் அச்சிட்டிருந்த கடைசி நிறத்தையும் அது தாண்டியிருந்தது. இதில் யாரும் இறங்க முடியாது.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வெங்காயம் நறுக்கினால் இதைவிட எரியும், பரவாயில்லை என்றாள். அந்த ஆறுதல் அவரை இன்னும் கூசவைத்தது.

மிஞ்சியது ஒரே வழி. தண்ணீரை முழுக்க இறக்கினார். குழாய்களை அலசி, உள்ளே துடைத்து, ஃபில்டரைக் கழுவி மாட்டி, புதுத் தண்ணீர் திறந்துவிட்டார். ஜூலைக் குளிரில் ஈர உடுப்போடு நிற்காதீர்கள், வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று நோரீன் விரட்டினாள்.

நல்ல சட்டை, மெருகேற்றிய காலணியோடு திரும்பி வந்தார். தொட்டி நிரம்பிப் பளிங்காய் நின்றது. கேட்க வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இந்த முறை குளோரினை அளந்தே போட்டார். பம்ப் சுவிட்சைத் தட்டினார்.

நுரை விளிம்பைத் தாண்டி, புல்தரையில் இறங்கி, அவர் காலணிமேல் ஏறியது.

"அடப் பாவமே" என்றாள் நோரீன். "நாளைக்கும் வந்து பாருங்களேன். நான் ஆப்பிள் கேக் பண்றேன்."

லாயிட் தலை நிமிரவில்லை. "இல்ல நோரீன், இது எனக்குப் பிடிபடல. தொட்டி கம்பெனிக்காரர் நம்பர் தர்றேன். இனி நான் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

நோரீனின் முகம் சுண்டிப்போனது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

விடுமுறைக்கு வந்திருந்த அவள் மகள் தான்யா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் லாயிட் அவளிடம் அந்த நம்பர் எழுதிய சீட்டை நீட்டினார். அவள் கையில் வாங்கவே இல்லை.

"போன வாரம் நீங்க உங்க தம்பி வீட்டுக்குப் போயிருந்தப்ப நான் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன், லாயிட். அவரு ஒரே நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு. அவரு வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள, பாத்திரம் கழுவற லிக்விடைத் தூக்கிட்டு அம்மா தொட்டிக்கு ஓடினாங்க."