பாலேந்திரன் அண்ணை பெடியன் பார்க்கிறார்

ஒஸ்லோவில் வாழும் நம்மவர்களில் ஆள் மதிப்பிடுபவர் என்றொரு இனம் உண்டு. பனி உருகி மைதானத்தில் முதல் புல் தலைகாட்டும்போது இவரும் தலைகாட்டுவார். கழுத்தில் கம்பளிச் சால்வை, ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேநீர், மறு கையில் பந்தின் வேகத்தை அளக்கும் கருவி, முகத்தில் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தனக்குத் தெரியும் என்கிற களை. இவரைப் பார்த்ததே இல்லை என்கிறீர்களா? அவர் உங்களைப் பார்த்திருப்பார். பார்த்து, 'இது சரிவராது' என்று முடிவுகட்டியும் இருப்பார்.

மாதிரிக்கு, நகரின் தெற்கே நாங்கள் குடியிருக்கும் பியோர்ண்டாலின் பாலேந்திரன் அண்ணையை எடுத்துக்கொள்வோம். எங்கள் பியோர்ண்டால் பேஸ்போல் அணிக்கு ஆள் தெரிவுசெய்து தருபவர் அவர்தான். நம்மவர்களுக்குப் பேஸ்போலா என்று புருவத்தை உயர்த்தவேண்டாம். ஊரில் 'எல்லே' என்ற மட்டைப்பந்து அடித்துத் திரிந்த கைகளுக்கு, மட்டையைச் சுழற்றிப் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றி ஓடிவரும் விளையாட்டு அவ்வளவு புதிதாகத் தெரியவில்லை. ஓடியவர்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் மட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று குறை பிடிக்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

பாலேந்திரன் அண்ணை பந்தைப் பார்ப்பதில்லை. பந்தைப் பார்ப்பது பாமரர் வேலை. அவர் பார்ப்பது பெடியனின் குதிகாலை, மணிக்கட்டை, மட்டையை வீசி முடித்தபின் அவன் நிற்கும் நிலையை, தண்ணீர் குடிக்கையில் போத்தலை எந்தக் கையால் பிடிக்கிறான் என்பதை. இவை போதாமல் தகப்பனின் உயரத்தையும் தாய்வழி மாமன்மார் ஊரில் கிணறு வெட்டினார்களா கணக்கு எழுதினார்களா என்பதையும் விசாரிப்பார். பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு வந்தால் மேடைப் பக்கமே திரும்பமாட்டார். மண்டபத்தில் கதிரை அடுக்கும் பெடியளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "அந்த நீலச் சேட்டுக்காரன் நாலு கதிரையை ஒரே தூக்கிலை தூக்கினவன், கண்டனீரோ?" மார்கழியில் பிள்ளைகள் பனியை உருட்டி எறிந்து விளையாடினால் மாடியில் நின்று வேகம் அளப்பார். ஒருமுறை ஒரு பனியுருண்டை அவருடைய நெற்றியிலேயே வந்து விழுந்தது. எறிந்தவனைத் திட்டவில்லை. "நல்ல குறி" என்றார்.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது? வட நோர்வேயில், தான் முன்பு வேலை செய்த பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையிலிருந்து வந்தது என்பார். "தம்பி, பட்டியிலை ஓடிவாற மீனை ஒரு பார்வையிலை முதல் தரம், இரண்டாம் தரம் எண்டு பிரிச்ச கண் இது. பெடியன் மீனை விட மெதுவாத்தானே வாறான்!" அவர் எப்போதாவது விளையாடியிருக்கிறாரா? இல்லை, முழங்கால் வலி. எப்போதிருந்து? பிறந்ததிலிருந்து.

எங்கள் கோடைப் போட்டியில் நாலு தமிழ் அணிகள். வசந்தத்தில் 'தெரிவு நாள்' என்று ஒன்று வைப்போம். அமெரிக்காவில் பெரிய அணிகள் செய்வது போலத்தான்: புதிதாக ஆட வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்து, ஒரு சுற்றுக்கு ஒருவராக எடுத்துக்கொள்ளவேண்டும். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. அந்தப் பெருமை இரண்டு வருடமாக எங்களுக்குத்தான். இந்த முறையும் கடைசி என்றால் பியோர்ண்டால் அணியைக் கலைத்து, கிரிதரின் அணியோடு சேர்த்துவிடுவோம் என்று போட்டியை நடத்தும் சங்கம் சொல்லிவிட்டது. கிரிதர் தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, மடிக்கணினி இல்லாமல் மைதானத்துக்கு வரமாட்டார். "அவையோடை சேர்ந்தால் தேத்தண்ணியைக்கூட டீ எண்டுதான் கேக்கோணும்" என்று பாலேந்திரன் அண்ணை உண்மையாகவே நித்திரை இழந்து திரிந்தார்.

இந்த வருடம் வந்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவன் சயூரன், அடித்தால் பந்தை மரங்களுக்குள் தேடவேண்டும், அது ஊரறிந்த விடயம். மற்றவன் கிருஷிகன், பந்தெறிபவன். அவனுடைய அருமை தன் ஒருவருக்குத்தான் தெரியும் என்பது பாலேந்திரன் அண்ணையின் நம்பிக்கை. சாதாரண மனிதன் என்ன செய்வான்? ஒருவனை எடுத்துக்கொண்டு மற்றவனுக்காகப் பெருமூச்சு விடுவான். ஆள் மதிப்பிடுபவர் பெருமூச்சு விடுகிற இனம் இல்லை.

"இஞ்சை பாரும் தம்பி," என்றார் என்னிடம். "முதல் சுற்றிலை சயூரன். இரண்டாம் சுற்றிலை கிருஷிகன். இடையிலை மற்ற மூண்டு அணியும் அவனைத் தொடக்கூடாது."

"அதெப்பிடி அண்ணை?"

"குறை சொல்லோணும்."

அன்றிலிருந்து தனக்கு வேண்டாத பெடியளையெல்லாம் வாய் வலிக்கப் புகழ்ந்தார். கிருஷிகன் பேச்சு வந்தால் மட்டும் தமிழ்க் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "நல்ல பெடியன்... ஆனா..." என்று இழுப்பார். பிறகு தன் தோளைத் தானே தடவிக்கொண்டு, "தோள் கொஞ்சம் பழுது. பயிற்சிக்கும் பஞ்சிப்படுற சோம்பேறி. சும்மா வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ" என்பார். ஒரு செய்தியை ஒஸ்லோ முழுக்கப் பரப்ப அதைவிடச் சிறந்த வழியை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் தோள் பழுது சத்திரசிகிச்சை ஆனது. அடுத்த வெள்ளிக்குள் சத்திரசிகிச்சை பிழையாய்ப்போனது. அதற்கடுத்த கிழமை செய்தி ரயிலேறித் துரொண்ட்ஹெய்முக்குப் போய்ச் சேர்ந்தபோது, பெடியனுக்கு ஒரு கை முழுதாகத் தூக்க ஏலாது என்றும், மற்றக் கை சோம்பல் என்றும் ஆகியிருந்தது.

துரொண்ட்ஹெய்மில் இருந்ததுதான் வில்லங்கம். அங்கே கம்சிகா என்றொரு பெண். கிருஷிகனும் அவளும் படிக்கிற காலத்திலேயே ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைத்து, நாள் குறிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தார்கள். கம்சிகாவின் தாய் கிருஷ்ணகுமாரி கிருஷிகன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "ஒரு கை தூக்க ஏலாத பிள்ளை, நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால் எப்பிடித் தூக்குவார்? எங்களுக்கு ஏன் மறைச்சனீங்கள்?" பேச்சு அத்தோடு நின்றது. டொக்டரிடம் கடிதம் வாங்கிக் காட்டலாமே என்கிறீர்களா? நம்மவர்களை உங்களுக்குத் தெரியாது. 'கடிதம் வாங்குற அளவுக்குப் பழுதோ?' என்றுதான் கேட்பார்கள். கிருஷிகன் சாப்பாட்டை வெறுத்து, பந்தைத் தொடாமல் திரிந்தான். எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அவனுடைய தாய் கமலாதேவி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குரலை உயர்த்தாமலே கட்டிலில் கிடக்கிறவர்களை எழுப்பி நடக்கவைக்கிறவர். அவர் அழுதுகொண்டு இருக்கவில்லை. 'உங்களுக்கு ஆர் சொன்னது, அவைக்கு ஆர் சொன்னது' என்று ஒவ்வொரு வாயாகப் பின்னோக்கி விசாரித்துக்கொண்டு போய், கடைசியில் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

தெரிவு நாள் வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நாலு அணிக்கும் நாலு மேசை. பாலேந்திரன் அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி எழுந்து, "பியோர்ண்டாலின்ரை முதல் தெரிவு... சயூரன்!" என்றார். கைதட்டல். அடுத்த முறை கிரிதருடையது. அவர் மடிக்கணினியில் எதையோ மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். பாலேந்திரன் அண்ணை எனக்குக் கண்ணடித்தார். அப்போதுதான் கமலாதேவி அக்கா கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"ஒரு நிமிசம். பாலேந்திரன் அண்ணை, என்ரை மகனுக்குத் தோள் பழுது எண்டு சொன்னது நீங்களோ?"

"தங்கச்சி, அது வந்து... பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

"இப்ப கதைப்பம். துரொண்ட்ஹெய்மிலை இருந்து பெட்டையின்ரை தாய் கேட்டுக்கொண்டிருக்கிறா."

"ஓம், கேக்குது, சொல்லுங்கோ," என்றது தொலைபேசி.

மனிதரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பழுது என்று சாதித்தால் கிருஷிகன் அடுத்த சுற்றில் எங்கள் அணிக்கு வருவான், அவனுடைய கலியாணம் போகும். பழுது இல்லை என்றால் கலியாணம் நடக்கும், பெடியன் போவான், அவனோடு பியோர்ண்டாலும் போகும். பாலேந்திரன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்த கிருஷிகனைப் பார்த்தார்.

"தோளிலை ஒண்டுமில்லை," என்றார், மிக மெதுவாக.

"கேக்கேல்லை," என்றது தொலைபேசி.

"ஒண்டுமில்லை எண்டுறன்!" என்று கத்தினார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "நான் சொன்னது பொய்! எங்கடை அணிக்கு எடுக்கோணும் எண்டு சொன்ன பொய். என்ரை சீவியத்திலை இப்பிடி ஒரு தோளை நான் கண்டதில்லை. பந்து கையை விட்டுப் போறதே தெரியாது, மட்டைக்குக் கிட்ட வந்து சட்டெண்டு கீழை இறங்கும், அடிக்கிறவன் காத்தைத்தான் அடிப்பான். கருவியே ஒருக்கால் திகைச்சுப் போச்சுது! பஞ்சியோ? மார்கழிக் குளிரிலை, பள்ளிக்கூடச் சுவரிலை தனிய நிண்டு எறிஞ்சு பழகினவன், நான் மாடியிலை நிண்டு பார்த்தனான். ஒருநாள் பனியிலை வழுக்கி விழுந்து அழுத ஆரின்ரையோ சின்னப்பிள்ளையைத் தூக்கித் தோளிலை வைச்சு, வீட்டு வாசல் மட்டும் கொண்டுபோய் விட்டவன். அந்தத் தோளிலைதான்! அந்தப் பழுதான தோளிலை!"

அவருடைய கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. தனக்குப் பிடித்த பெடியனை வாய் நிறையப் புகழ முடியாமல் மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த மனிதர் அவர். மண்டபமே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப குழந்தையைத் தூக்குவாரோ?" என்றது தொலைபேசி.

"இரட்டைப் பிள்ளையெண்டாலும் தூக்குவான் அம்மா!"

அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. கிருஷிகன் தலையை நிமிர்த்தினான். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை பொறுமையாக இருந்த கிரிதர் மடிக்கணினியை மூடினார்.

"ரொம்ப நன்றி சார். இவ்ளோ டீட்டெய்லா யாரும் சொன்னதில்ல. நாங்க கிருஷிகனை எடுத்துக்கறோம்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலியாணம் ஆடியில் வேண்டாமென்று ஆவணியில் நடந்தது. அதற்கு முன் கிருஷிகன் எறிந்த பந்தில் எங்கள் சயூரனால் ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. நாங்கள் மூன்றாம் முறையும் கடைசி. சங்கம் சொன்னபடியே பியோர்ண்டால் அணியைக் கலைத்துக் கிரிதரின் அணியோடு சேர்த்தது. துக்கம் விசாரிக்கலாம் என்று பாலேந்திரன் அண்ணை வீட்டுக்குப் போனேன். மனிதர் கதவைத் திறந்தபோதே பூரித்துப்போய் நின்றார்.

"பாத்தீரோ தம்பி? சயூரனும் கிருஷிகனும் ஒரே அணியிலை! நான் போட்ட திட்டம் அதுதானே?"

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் போன ஞாயிறு விற்பனைக்கு வந்த வீடு ஒன்றைப் பார்க்க, சப்பாத்துக்கு மேல் நீல உறையை மாட்டிக்கொண்டு பத்துக் குடும்பத்தோடு உள்ளே நுழைந்து, சமையலறையைக் கண்டதும் மனத்துக்குள் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சியும் முடித்துவிட்டு, பிறகு போட்டிக்கு வந்த மற்றவர்கள் காதில் விழும்படி குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "ஈரம் போலை கிடக்கு" என்று முகத்தைச் சுளித்தது யார்? நானா? நான் பக்கத்து அறையில் நின்றேன், நீங்கள் சொன்னது கேட்டது. சுவருக்கு யாரும் கலியாணம் பேசுவதில்லை. அந்த மட்டில் நீங்கள் தப்பினீர்கள்.