கால் சுத்து மேஸ்திரி

உலகத்தில் உள்ள எந்தக் கோளாறையும் ஒரு திருகைக் கால் சுற்று திருப்பிச் சரிசெய்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் வில்லியனூரில்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் ‘கால் சுத்து’. முகத்துக்கு நேரே, மேஸ்திரி.

பழைய கார்களின் கார்புரேட்டரை டியூன் செய்வது அவர் தொழில். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற அந்தச் சின்ன டப்பாவில் ஒரு திருகு உண்டு. அதை முழுக்க மூடுவார். ஒன்றரைச் சுற்று திறப்பார். இன்ஜின் சூடானதும், சத்தம் உச்சத்துக்கு வரும்வரை மெல்லத் திருப்புவார். வந்ததும் அங்கிருந்து கால் சுற்று பின்வாங்கிவிடுவார்.

“உச்சத்துல வுடக்கூடாது சார். ஒரு கால் சுத்து எறங்கி நிக்கணும். அப்பதான் நாள்பட நிக்கும்.”

இதைக் காரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கு மைக் செட் கத்தினால், கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அதன் குமிழைக் கால் சுற்று திருப்பிவிட்டு வருவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், சமையல்கட்டு அடுப்பின் சீறல் சரியில்லை என்று இலையை விட்டு எழுந்துவிடுவார். புருஷன் சொல்பேச்சு கேட்பதில்லை என்று அழுதுகொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும், “ஒரேடியா முறுக்காதம்மா. கால் சுத்து வுட்டுப் புடி” என்றார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை முறைத்தாள்.

அவரிடம் வண்டியை விடுவதற்குச் சில சம்பிரதாயங்கள் உண்டு. முதலில் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பார். “திருவாண்டார்கோயில் பக்கம் போட்டுகினு வந்துகிற” என்பார். எப்போதும் தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் முகர்வதை விடமாட்டார். மூடியைக் கழற்றி மட்கார்டு மேல் வைத்துவிட்டு, வேலை முடியும்வரை அதை மறந்துவிடுவார். அடுத்து, அந்த வண்டியில் வழக்கமாக யார் யார் எங்கே உட்காருவார்களோ, அவர்கள் அங்கங்கே உட்கார்ந்தாக வேண்டும்.

“வூட்டம்மா இன்னா வெளியே நிக்கிறாங்க? ஏறச் சொல்லு சார். வெயிட்டு ஏறினாத்தான் வண்டி நெசத்தப் பேசும்.”

“என்ன வெயிட்டுன்னு சொல்றாரு பாருங்க” என்று முணுமுணுத்தபடி என் மனைவி பின்சீட்டில் ஏறுவாள். அவர் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேலும் கைப்பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடாது. ஒருமுறை குல்பி வண்டிக்காரரைத் தெருக்கோடி வரை துரத்திவிட்டு வந்தார்.

என்னிடம் அப்பா வாங்கிய அம்பாசிடர் ஒன்று உண்டு. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, அதைக் கழுவுவதும் துடைப்பதும் என் பொழுதுபோக்காயின. திடீரென்று ஒரு மழைக்காலத்தில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. வில்லியனூரில் உற்சாகமாகக் கிளம்பும். பாகூர்ச் சாலையில் கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் இரண்டு முறை குலுங்கி நின்றுவிடும். கரும்புக்காட்டு ஓரமாகச் சிறிது நேரம் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காததுபோல் தானாகக் கிளம்பும்.

மேஸ்திரி கார்புரேட்டரைப் பலமுறை பிரித்தார். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டுகளின் நுண்துளைகளை ஊதினார், மிதவையைப் பார்த்தார், திருகைத் திருப்பினார். அவர் கொட்டகை வாசலில் வண்டி வீணைபோல் பாடும். பாகூர்ச் சாலையில் செத்துவிடும்.

“எங்கிட்ட ஒழுங்கா இருக்குது. உங்கிட்டதான் வம்பு பண்ணுது. நீ அதட்டுவியா சார்?” என்று கேட்டார்.

பாகூரில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. “பஸ்ஸிலேயே போயிடலாங்க” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. வழக்கமான கரும்புக்காட்டுக்கு அருகே கார் நின்றது. இந்த முறை கிளம்பவும் இல்லை. கடைசியில் பட்டுப்புடவையும் தாய்மாமன் வீட்டுச் சீர்த்தட்டுமாக அவள் என்னோடு ஒரு கரும்பு டிராக்டரில் ஏறிப் போய் இறங்கியபோது, தாலி கட்டி முடிந்திருந்தது.  அவள் தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை. மண்டபத்தில் மண்டிக்காரர் இருந்தார். அரிசி மண்டி வைத்திருப்பவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று இரண்டு பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர். அந்த இரண்டும் கால் சுத்துவின் பராமரிப்பில் இருந்தன. மேஸ்திரிக்குச் சோறு போட்டவை அவைதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், நாலு பேர் நடுவே சொன்னேன்:

“அந்த ஆள் ஃபிராடு. திருகைத் திருப்புறதும் திரும்பத் திருப்புறதும்தான் அவருக்குத் தெரியும். உங்க வண்டியையும் கெடுத்துடுவாரு.”

படித்தவன் சொல்லுக்கு ஊரில் ஒரு எடை உண்டு. மறுநாளே மண்டிக்காரர் இரண்டு கார்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் கால் சுற்று இறங்கி நிற்க எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று மாலையே தானாகக் கிளம்பிவிட்ட கார் என் வீட்டு வாசலில்தான் நின்றது. நான்கைந்து நாள் கழித்து மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

“வண்டிய எடு சார். நானும் வரேன். அம்மா, நீங்களும் ஏறுங்க” என்றார், அவ்வளவுதான்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் வண்டி குலுங்கி நின்றது. அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார், மூடினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார், முகர்வதற்காக.

‘உஸ்ஸ்’ என்று டேங்க் ஒரு நெடுமூச்சு இழுத்தது.

“ஸ்டார்ட் பண்ணு சார்” என்றார், குரல் இறங்கிப்போய். சற்று நேரம் ஓட்டியதும் இன்ஜின் சீராகிவிட்டது. மூடியைப் போட்டு ஓட்டினோம், கொஞ்ச தூரம் போய் நின்றது. திறந்தோம், கிளம்பியது.

அந்தக் காலத்து மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் டேங்கில் வெற்றிடம் சேர்ந்து, பெட்ரோல் வராது. என் மனைவியின் புடவை ஊக்கை வாங்கி அந்தத் துளையைக் குத்தினார். மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. அதை முகர்ந்தார்.

“சந்தனம். ஜவ்வாது போட்டுக் கொழச்சிகிற சார்.”

வாழ்நாளில் அவர் மூக்கு சரியாகச் சொன்னது அப்போதுதான்.

ஆயுத பூசைக்கு ஸ்டியரிங், நான்கு சக்கரம், பெட்ரோல் மூடி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவன் நான். பூசைப் பொட்டைத் துடைக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவனும் நானே. பொட்டு மேல் பொட்டாக அந்தத் துளையை அடைத்திருக்கிறேன். வகுப்பு வகுப்பாகக் காற்றழுத்தம் நடத்தியவன். அவரோ மூடியைக் கழற்றி வைத்துவிட்டே டியூன் செய்திருக்கிறார். கொட்டகையில் வண்டி எப்படி நிற்கும்?

“பொட்டு வெச்சவரும் மூடியத் தொறந்தவரும் சேர்ந்துதான் என்னை டிராக்டர்ல ஏத்தினீங்களா” என்றாள் மனைவி. அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் சிரிக்கவில்லை.

“இப்பவே மண்டிக்காரர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன், மேஸ்திரி.”

“இன்னான்னு சொல்லுவ? மூடிய மட்கார்டு மேல வெச்சிகினு மாசக்கணக்கா கார்புரேட்டரக் கொடஞ்சான்னா? ஃபிராடுன்னு சொன்ன, போவட்டும். முட்டாள்னு சொன்னா நான் தெருவுல நடக்க முடியாது. சொல்லாத சார். நான் போனப்பறம் எங்க வேணா சொல்லிக்கோ.”

எனவே பொய் சொன்னேன். கார்புரேட்டருக்குள் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு மயிரிழை விரிசல், அதைக் காதாலேயே கண்டுபிடித்தவர் அவர், நான்தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று மண்டிக்காரரிடம் விளக்கினேன். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் சேர்த்துக்கொண்டேன்.

“நீங்களே சொன்னா சரிதான் சார்” என்றார் அவர். கார்கள் திரும்பி வந்தன.

பிறகு கால் சுத்துவே அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். என்னிடமே சொன்னார். “சார் வண்டில ஒரு விரிசல் இருந்துச்சி பாரு” என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் விரிசல் மெலிந்துகொண்டே போகும், அவர் காது கூர்மையாகிக்கொண்டே போகும். நான் தலையாட்டுவேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. ‘உங்களைத் தப்பாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள்’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூசைக்கும், நான் பொட்டு வைப்பதற்கு முன்பே அந்த ஊக்கோடு வந்து நிற்பார். துளையைக் குத்திப் பார்த்துவிட்டு, “இப்ப வெய்யி சார், கொஞ்சம் தள்ளி” என்பார். பிறகு பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு போவார்.

சென்ற பங்குனியில் அவர் போய்விட்டார். இந்த ஆண்டு பூசையன்று சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, கிண்ணத்திலேயே அது காய்ந்துபோகும் வரை தெருவைப் பார்த்தபடி காரருகே நின்றிருந்தேன்.